வன்னியிலிருந்து வெளிநாட்டுப் பொறியியல் படிப்புக்கு: பெயரிலிருந்து விசா வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்த கிழமையில் எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகள் அநேகமாக ஒரே கேள்வியோடுதான் தொடங்கும். "அண்ணா, இஞ்சினியரிங் படிக்க எந்த நாடு லேசு?" நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். "உம்மட பேர் எத்தனை விதமா எழுதிக் கிடக்கு?" மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது.

பகிடிக்குக் கேட்பதில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்கு, மடுப் பக்கத்துப் பிள்ளைகள் விண்ணப்பித்துச் சறுக்கிய கதைகள் எனக்குக் கொஞ்சம் தெரியும். தொகையீட்டுக் கணக்குத் தெரியாமல் சறுக்கியவரை நான் இன்னும் காணவில்லை. பேப்பர் பொருந்தாமல் சறுக்கினார்கள், திகதி பிந்திச் சறுக்கினார்கள், வங்கிக் கணக்குக் காட்ட வழியில்லாமல் சறுக்கினார்கள். அதனால் இந்த வழிகாட்டி பல்கலைக்கழகத்தில் தொடங்காது. பெயரில் தொடங்கும், பிறகு காசு, அதன்பிறகுதான் பல்கலைக்கழகம். ஏஜென்சிக்காரர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். முதல் நாளே ஒரு ஒஃபர் லெட்டரைக் கையில் தந்து வீட்டில் பால்சோறு காய்ச்ச வைத்துவிட்டு, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்பார்கள். அந்த "பிறகு" எனக்கு ஒரு வருடத்தைத் தின்றது.

நான் முல்லைத்தீவுப் பக்கம். தமிழ் மொழிமூலம் கணிதப் பிரிவில் படித்து, ஒரு வருடத்தைத் தொலைத்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிற அறிவியல்நகரில் நாலு வருடம் படித்து, பிறகு ஜேர்மனியில் மாஸ்டர்ஸ் முடித்தவன். எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

இப்பவா, நாலு வருடம் கழித்தா?

வெளிநாட்டுப் பொறியியலுக்கு இரண்டு வாசல் இருக்கிறது. ஏ.எல் முடித்த கையோடு இளமாணிக்கு, அதாவது முதல் பட்டத்துக்கு, போகலாம். இங்கே பட்டத்தை முடித்துவிட்டு முதுமாணிக்கும் (மாஸ்டர்ஸ்) போகலாம். எதைப் பிடிப்பது என்று வீட்டில் கதைப்பதற்கு முன்னால் ஒரு கணக்கைப் பாருங்கள்.

இலங்கையில் அரச பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு. மிச்ச 5 வீதம் கல்வியில் பின்தங்கியதாகக் குறிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நாலும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமோ கிளிநொச்சி அறிவியல்நகரிலேயே இருக்கிறது. கல்விக் கட்டணம் இல்லை, படிப்பு ஆங்கிலத்தில், நாலு வருடம். இந்த நாட்டில் ஒரு வன்னிப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி (அனுமதிக்கு வேண்டிய ஆகக்குறைந்த புள்ளி) சாதகமாக நிற்கிற இடம் அரச பல்கலைக்கழகம் ஒன்றுதான். அதைத் தூக்கி எறிந்துவிட்டு, காணியை ஈடுவைத்து, வெளிநாட்டில் முதலாம் வருடம் படிக்கப் போவதை நான் ஆதரிப்பதில்லை. இடம் கிடைத்தால் எடுங்கள். முதுமாணிக்குப் போகும்போது புலமைப்பரிசில் வாசல்களும் அகலமாகத் திறக்கும், நாலு வயது முதிர்ச்சியும் கூட வரும்.

இடம் மயிரிழையில் தவறியவர்களும், முழுப் புலமைப்பரிசில் எடுக்கக்கூடிய பெறுபேறு உள்ளவர்களும், குடும்பத்தில் உண்மையிலேயே வசதி உள்ளவர்களும் இளமாணிக்கு இப்பவே பார்க்கலாம். ஆனால் ஒன்றைச் சோதியுங்கள். நீங்கள் எடுக்கப்போகிற பட்டம் வாஷிங்டன் உடன்படிக்கைக்குள் வருகிறதா? 1989 இல் தொடங்கிய இந்த உடன்படிக்கையில் கைச்சாத்திட்ட நாடுகள் ஒன்றின் அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டத்தை மற்றவை மதிக்கின்றன. அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, மலேசியா எல்லாம் உள்ளே. இலங்கையும் இந்தியாவும் 2014 இல் முழு உறுப்புரிமை பெற்றன. இந்த அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு ஒட்டுமொத்தமாகக் கிடைப்பதில்லை, ஒவ்வொரு பட்டத்துக்கும் தனித்தனியாகக் கிடைப்பது. ஒரே பல்கலைக்கழகத்தில் சிவில் உள்ளேயும் புதிதாகத் தொடங்கிய ஒரு பட்டம் வெளியேயும் இருக்கலாம். ஊருக்குத் திரும்பி வந்து பொறியியலாளராகக் கையெழுத்துப் போடும் எண்ணம் இருந்தால் இது முக்கியம். 2017 ஆம் ஆண்டு 4 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு இங்கே பொறியியல் பேரவையில் பதிவு வேண்டும். ஜேர்மனி அந்த உடன்படிக்கையில் இல்லை. இங்கே இளமாணி முடித்துவிட்டு அங்கே முதுமாணிக்குப் போகிறவருக்கு அது பெரிய சிக்கலில்லை. இளமாணியையே அங்கே படிக்கப்போகிறவர் யோசிக்க வேண்டும்.

பெயர்

தர்சினி என்ற பெயரை எடுங்கள். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் தமிழில் கிடக்கும்வரை பிரச்சினையில்லை. அதை ஆங்கிலத்துக்கு மாற்றிய மொழிபெயர்ப்பாளர் ரி-எச் போட்டுத் தொடங்கினார். அடையாள அட்டையில் வெறும் டி. ஏ.எல் சான்றிதழில் நடுவில் எஸ்-எச். பாஸ்போட்டில் எச் இல்லாத எஸ். போதாக்குறைக்கு அப்பாவின் பெயர் ஒன்றில் முதலெழுத்தாகவும், இன்னொன்றில் முழுதாகவும், மூன்றாவதில் கடைசிக்குத் தள்ளுப்பட்டும் நிற்கிறது. நமக்கு ஒரே தர்சினி. அங்கே கோப்பைத் திறக்கிற அலுவலருக்கு நாலு பேர்.

சரிசெய்யும் வரிசை இது.

முதலில் பிறப்பத்தாட்சி. நீங்கள் பிறந்த காலம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். இடம்பெயர்வில் மூலப்பிரதி தொலைந்த வீடுகள் ஏராளம், பிந்திப் பதிந்த பிறப்புகளும் ஏராளம். பிரதேச செயலகத்தில் புதிய உறுதிப்படுத்திய பிரதி எடுங்கள். எடுத்த இடத்திலேயே நின்று ஒவ்வொரு கூட்டையும் வாசியுங்கள். அம்மாவின் பெயர், அப்பாவின் பெயர், பிறந்த திகதி. ஒரு எழுத்துப் பிழை இருந்தால் திருத்தத்துக்கு அன்றைக்கே விண்ணப்பியுங்கள், அது மாதக்கணக்கில் இழுபடும்.

அடுத்தது பாஸ்போட். இதில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டல்தான் இனி உங்கள் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வவுனியாவில் குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருப்பது நமக்கு நல்லதாய்ப் போனது, தலைமை அலுவலகம் இருக்கிற பத்தரமுல்லைக்கு ஓட வேண்டியதில்லை. படிவத்தில் குடும்பப்பெயர் என்ற கூட்டில் எதைப் போடுவது என்று வரிசையில் நிற்கும்போது யோசிக்காதீர்கள். வீட்டிலிருந்தே முடிவெடுத்துக்கொண்டு போங்கள். அந்தக் கூட்டில் போகிறது பெரும்பாலும் அப்பாவின் பெயர்தான். அது விமான ரிக்கற்றிலிருந்து பட்டச் சான்றிதழ் வரை உங்கள் பின்னால் வரும்.

பிறகு பரீட்சைச் சான்றிதழ். ஓ.எல், ஏ.எல் இரண்டினதும் ஆங்கிலப் பிரதியைப் பரீட்சைத் திணைக்களத்திடம் இணையவழியே கேட்கலாம். அதில் பெயர் வேறு மாதிரி வந்து, திருத்த முடியாது என்று ஆகிவிட்டால், சமாதான நீதவானுக்கு முன்னால் ஒரு சத்தியக்கடதாசி முடியுங்கள். இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆளையே குறிக்கும் என்று ஆங்கிலத்தில். இரண்டு பெயரையும் எந்தப் பத்திரத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு புள்ளி பிசகாமல் எழுத வேண்டும். சத்தியக்கடதாசியிலேயே பிழைவிட்டு ஐந்தாவது தர்சினியை உருவாக்கியவர்களும் இருக்கிறார்கள்.

தமிழ்ப் பத்திரங்களை மொழிபெயர்க்கச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும். பாஸ்போட்டின் பிரதியையும் கூடவே கொடுத்து, "இதே எழுத்துக்கூட்டலில் போடுங்கோ" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வசனம் பாதிச் சிக்கலை வெட்டிவிடும். வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சி தேவைப்பட்டால் யாழ்ப்பாணத்தில் அதன் பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது. எல்லா நாடும் இதைக் கேட்பதில்லை. கேட்காத இடத்துக்கு வீணாக அலையாதீர்கள்.

இன்னொரு கூடு இருக்கிறது. தகப்பனார் பெயர், தொழில், வருமானம். 2009 க்குப் பிறகு அப்பாவைப் பற்றி எந்தத் தகவலும் இல்லாத வீட்டுப் பிள்ளை இந்தக் கூட்டில் வந்து நின்றுவிடும். இறப்புப் பதிவை எடுக்க அம்மா சம்மதிக்க மாட்டார், அது அவருடைய உரிமை. ஆள் காணாமற்போயிருப்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்று 2016 இல் வந்த சட்டத்தின்படி வழங்கப்படுகிறது. இறந்தார் என்று எங்கேயும் ஒப்புக்கொள்ளாமல், அம்மாவை மட்டும் பொறுப்பாளராகக் காட்டுவதற்கு அது கைகொடுக்கும். விண்ணப்பத்தில் இரண்டு வரி விளக்கம் போதும். அதற்கு மேல் எழுதும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

காசு

வன்னியில் காசு இல்லை என்பது பாதிதான் உண்மை. இருக்கிற காசு வெளிநாட்டுத் தூதரகத்துக்குக் காட்டக்கூடிய வடிவத்தில் இல்லை என்பது மிச்சம். வயலாக இருக்கும், மாடாக இருக்கும், அம்மாவின் தாலிக்கொடியாக இருக்கும், சீட்டுக் காசாக இருக்கும்.

காணியில் ஒரு நுணுக்கம். சொந்த உறுதி உள்ள உறுதிக்காணி வேறு, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்த பெர்மிட் காணி வேறு. நம்மூர்க் குடியேற்றத் திட்டங்களில் கிடைத்ததெல்லாம் அநேகமாக பெர்மிட்தான். அதைத் தனியாருக்கு விற்கவோ, வழக்கமான முறையில் வங்கியில் ஈடுவைக்கவோ முடியாது. ஐந்து ஏக்கர் இருக்கிறது என்று நம்பி ஒஃபருக்கு முற்பணம் கட்டிவிட்டு, வங்கியில் போய் உண்மை தெரிந்து திரும்பியவர்களைக் கண்டிருக்கிறேன். முதலில் வங்கி முகாமையாளரிடம் பத்திரத்தைக் காட்டுங்கள், பிறகு முற்பணத்தைக் கட்டுங்கள்.

அடுத்தது வெளிநாட்டுச் சொந்தம். கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற மாமா காசு போடுவார், உண்மைதான். ஆனால் விண்ணப்பிப்பதற்கு இரண்டு கிழமைக்கு முன்னால் முப்பது லட்சம் ஒரேயடியாய் வந்து விழுந்தால், அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நிச்சயம் வரும். பிரித்தானிய மாணவர் விசாவில் இன்னும் இறுக்கம். காசு உங்கள் கணக்கிலோ பெற்றோரின் அல்லது சட்டப் பாதுகாவலரின் கணக்கிலோ தொடர்ச்சியாக 28 நாள் கிடக்க வேண்டும், மாமாவின் கணக்கு செல்லாது. மாமா உதவுவதென்றால் நேரத்தோடு, ஒரு நன்கொடைக் கடிதத்தோடு, வங்கி ஊடாக அனுப்பட்டும். வங்கியைத் தொடாமல் கைமாற்றாக அனுப்புகிற உண்டியல் வேண்டாம். உண்டியலில் வந்த காசுக்கு வரலாறு இல்லை.

வரவுசெலவை ரூபாயில் போடாதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் நின்றது, மே மாதம் 360 ஐத் தாண்டியது. அந்த இரண்டு மாதத்துக்குள் எத்தனையோ பேரின் திட்டம் பாதியில் நின்றது. யூரோ என்றால் யூரோவிலேயே கணக்குப் போடுங்கள். ரூபாய்க்கு மாற்றும்போது இன்றைய விலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டுப் பாருங்கள்.

எந்த நாடு

இப்பொழுது அந்த முதல் கேள்விக்கு வரலாம்.

ஜேர்மனி எனக்கு அதிகம் தெரிந்த நாடு, அதனால் கொஞ்சம் நீட்டுவேன். அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, ஒவ்வொரு செமஸ்டருக்கும் சின்னத் தொகை மட்டும். விதிவிலக்கும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலச் செமஸ்டரிலிருந்து இப்படி வருகிறவர்களிடம் கட்டணம் எடுக்கிறது.

கட்டணம் இல்லை என்பதைக் காசே வேண்டாம் என்று விளங்கிக்கொள்ளாதீர்கள். விசாவுக்கு "புளொக்ட் அக்கவுண்ட்" என்ற முடக்கிய கணக்கில் ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். போனபிறகு மாதம் 992 யூரோவாக அது உங்களுக்கே திரும்பி வரும். செலவழியப் போகிற காசுதான், ஆனால் முழுதாக முன்னுக்கே வேண்டும்.

இளமாணிப் படிப்பு அநேகமாக ஜேர்மன் மொழியில். ஏ.எல் பெறுபேறு நேரடி அனுமதிக்குப் போதாது என்று பல்கலைக்கழகம் சொன்னால், ஸ்டூடியன்கொலெக் என்ற ஆயத்த வகுப்பில் பொறியியலுக்கான ரி-கோர்ஸை இரண்டு செமஸ்டர் படித்து, கடைசியில் பரீட்சை எழுத வேண்டும். முதுமாணியில் ஆங்கிலப் படிப்புகள் நிறைய.

விண்ணப்பம் பல இடங்களுக்கு யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பின் ஊடாகப் போகும். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. உங்கள் ஜி.பி.ஏ யை (பட்டப்படிப்பின் சராசரிப் புள்ளி) அவர்கள் தங்கள் அளவைக்கு மாற்றுவார்கள். அங்கே 1 தான் ஆகச் சிறந்தது. ஆகக்கூடியது 4.0, ஆகக்குறைந்த சித்தி 2.0 என்று எடுத்தால், உங்கள் புள்ளியை 4.0 இலிருந்து கழித்து, 2 ஆல் பிரித்து, 3 ஆல் பெருக்கி, 1 ஐக் கூட்டுங்கள். 3.3 எடுத்தவருக்கு 2.05 வரும், 3.0 எடுத்தவருக்கு 2.5. பல முதுமாணிகள் 2.5 இல்தான் கோடு கீறுகின்றன. ஆகவே அறிவியல்நகரில் மூன்றாம் வருடத்தில் இருப்பவர் 3.0 க்குக் கீழே இறங்காமல் பார்ப்பதும் விண்ணப்ப வேலைதான். அதோடு நீங்கள் படித்த ஒவ்வொரு பாடத்தினதும் உள்ளடக்க விபரத்தைப் பீடத்திடம் கேட்டு எடுத்து வையுங்கள். எத்தனை மணித்தியாலம் என்ன படித்தீர்கள் என்று அவர்கள் வரி வரியாக ஒப்பிடுவார்கள்.

தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளைப் பார்த்துவிட்டு "ஏபிஎஸ் சான்றிதழ் எங்க எடுக்கிறது?" என்று கேட்கிறவர்கள் பலர். அது இந்திய மாணவர்களின் கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துக் கொடுப்பது, இலங்கையில் படித்தவருக்குத் தேவையில்லை. அந்தக் காணொளிகள் நல்லவைதான். ஆனால் பேசுகிறவரின் பாஸ்போட் எது என்பதை மனதில் வைத்துப் பாருங்கள்.

இந்தியாவை நம் பிள்ளைகள் ஏனோ வெளிநாடாகவே எண்ணுவதில்லை. இலங்கை மாணவர்களுக்கென்றே நேரு நினைவுப் புலமைப்பரிசில் இளமாணிக்கு இருக்கிறது. ராஜீவ் காந்தி புலமைப்பரிசில் தகவல் தொழில்நுட்பப் பொறியியலுக்கு, மௌலானா ஆசாத் முதுமாணிக்கு. கட்டணம், தங்குமிடம், மாதப் படி எல்லாம் சேர்ந்தது. அறிவித்தல் கல்வி அமைச்சின் ஊடாக வரும், யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்திலும் விசாரிக்கலாம். விண்ணப்பக் காலம் குறுகியது. பேப்பர் ஆயத்தமாக இருப்பவருக்குத்தான் அது பிடிபடும்.

ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலுக்குத் தூதரகம் வைக்கும் பரீட்சையில் பொறியியல் பக்கம் கேட்பவர் கணிதம், பௌதிகம், இரசாயனம் எழுத வேண்டும். அதாவது நீங்கள் ஏற்கெனவே மாடாய் உழைத்த அதே மூன்று பாடம். தெரிவானால் முதல் வருடம் மொழி, பிறகு நாலு வருடம் பட்டம், கட்டணம் ஒரு சதமும் இல்லை. நம்மூரிலிருந்து இதற்கு விண்ணப்பித்தவர் என்று எனக்குத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இது எனக்கு விளங்காத ஒன்று.

பிரித்தானியாவில் இளமாணிக்கு யூகாஸ் என்ற ஒரே வாசல், ஐந்து தெரிவு, ஜனவரியில் முக்கிய முடிவுத் திகதி. பல பல்கலைக்கழகங்கள் இலங்கை ஏ.எல் ஐ நேரடியாக ஏற்கின்றன. கட்டணம் கடுமை. முதுமாணிக்குச் செவ்னிங், பொதுநலவாயப் புலமைப்பரிசில்கள் உண்டு. செவ்னிங்குக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். ஜேர்மனியின் டாட் (DAAD) அமைப்பு வளர்முக நாடுகளுக்குத் தரும் இபொஸ் (EPOS) புலமைப்பரிசிலும் இரண்டு வருடம் கேட்கிறது. ஆகவே பட்டம் முடித்துவிட்டு நீர்ப்பாசனத் திணைக்களத்திலோ ஒரு கட்டுமான நிறுவனத்திலோ இரண்டு வருடம் நிற்பதை வீண் என்று எண்ண வேண்டாம்.

அமெரிக்காவில் இளமாணிக்கு உதவித்தொகை என்பது மிகச் சிலருக்கான கதை. எம்.ஐ.டி போன்ற ஒரு சில இடங்கள் வெளிநாட்டு மாணவரின் வசதியைப் பார்க்காமல் தெரிவுசெய்து, பிறகு தேவைக்கேற்ற முழு உதவியும் தருகின்றன. போட்டி எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பிஎச்டிக்கு நிலைமை வேறு. அநேகமாகக் கட்டணமும் சம்பளமும் பல்கலைக்கழகமே தரும். நல்ல இறுதியாண்டு ஆய்வு செய்தவர் பேராசிரியர்களுக்கு எழுதிப் பார்க்கலாம்.

கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்பதற்காகப் போகிறார்கள். கனடாவில் மாமா வீட்டில் தங்கினாலும் கட்டணத்துக்கு மேலதிகமாக 22,895 கனேடிய டொலர் காட்ட வேண்டும். 2025 செப்ரெம்பர் முதல் இதுதான் தனியாளுக்கான தொகை. அவுஸ்திரேலிய விசா விண்ணப்பக் கட்டணம் மட்டும் 2025 ஜூலையிலிருந்து 2,000 அவுஸ்திரேலிய டொலர், மறுத்தால் திரும்பி வராது.

ஆங்கிலம்

ஆர்முடுகல், திணிவு, தொகையீடு என்று படித்த தலைக்கு ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையின் கட்டுரை ஒரு புதுக் காடு. பொறியியலுக்கு வழமையாக மொத்தம் 6.5, எந்தப் பகுதியிலும் 6.0 க்குக் குறையாமல் கேட்பார்கள். பெறுபேறு இரண்டு வருடம் செல்லும், ஆகவே வெள்ளனவே எழுதிவிட்டுக் காலாவதியாக விடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் எழுதலாம்.

நம் பிள்ளைகள் விழுவது எழுத்தில் என்று நினைத்தேன், பேச்சில்தான். மனதுக்குள் தமிழில் முழு வசனமும் கட்டி முடித்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாற்றுவதற்குள் கேள்வி கேட்டவர் அடுத்ததுக்குப் போய்விடுவார். நான் செய்த வழி இது. பரந்தனிலிருந்து அறிவியல்நகர் போகும் பஸ்ஸில் யன்னலால் தெரிவதை வாய்க்குள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போவேன். மாடு, மதவு, உடைந்த தண்ணீர்த் தாங்கி, ஆமிக் காம்ப். மூன்று மாதத்தில் வாய் திருந்தியது. பக்கத்து இருக்கைக்காரர் விலகி இருந்தார், அது வேறு விஷயம்.

இங்கே ஆங்கில மொழிமூலம் பட்டம் முடித்தவர்கள் அதற்கான கடிதத்தைப் பீடத்திடம் கேட்டு எடுக்கலாம். சில பல்கலைக்கழகங்கள் அதையே ஏற்கும். விசா அலுவலகம் ஏற்குமா என்பதைத் தனியாகப் பாருங்கள்.

நோக்கக் கடிதம்

எனக்குத் திருத்தத் தருகிற பத்துக் கடிதங்களில் ஒன்பது, சிறுவயது முதலே இயந்திரங்களில் ஆர்வம் என்றுதான் தொடங்கும். இணையத்தில் எடுத்த மாதிரி. வாசிக்கிறவர் அதை அன்றைக்கே நாற்பது தரம் வாசித்திருப்பார்.

ஒரு தம்பி கொண்டுவந்த கடிதமும் அப்படித்தான் இருந்தது. அதை மடித்து வைத்துவிட்டு, "அப்பா என்ன வேலை?" என்று கேட்டேன். மோட்டர் சைக்கிள் திருத்துகிறவர். "சண்டைக் காலத்தில?" அப்பவும் அதுதான். பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர்களில் அவரும் ஒருவர். ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றருக்குள் நாலு துளி விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. புகையும், அடைக்கும், ஆனால் ஓடும். "ஏன் முதல்ல பெற்றோல் வேணும்?" என்று கேட்டேன். மண்ணெண்ணெய் குளிரில் லேசாக ஆவியாகாது என்று தொடங்கி, அழுத்த விகிதம், எஞ்சின் தட்டுவது, பிளக்கில் கரி படிவது என்று பதினைந்து நிமிடம் நிறுத்தாமல் கதைத்தான். "இதை எழுது" என்றேன். எழுதினான். எரிதல் பற்றிய எந்தப் பாடம் அந்த முதுமாணியில் இருக்கிறது, அது ஏன் தனக்கு வேண்டும் என்பதையும் இரண்டாவது பந்தியில் சேர்த்தான். கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை.

யுத்தத்தை எழுதுவதா என்று பலர் கேட்பார்கள். உங்கள் பொறியியலோடு அது ஒட்டினால் எழுதுங்கள். இரக்கம் வாங்குவதற்காக எழுதாதீர்கள். அவர்கள் தேடுவது அந்தப் படிப்பைத் தாக்குப்பிடிக்கிற ஆளை.

சிபாரிசுக் கடிதத்துக்கு விரிவுரையாளர்களிடம் கடைசிக் கிழமையில் போய் நிற்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து அனுப்பக்கூடிய இரண்டு பேர் போதும். உங்கள் செய்திட்டத்தை உண்மையில் பார்த்தவராக இருந்தால் பதவி சின்னதானாலும் பரவாயில்லை. ஏ.எல் பிள்ளைகளுக்குப் பாடசாலை ஆசிரியர் தமிழில் எழுதித் தந்தால், அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஆக்கி, அவரே கையெழுத்திடட்டும்.

எப்போது எதைச் செய்வது

ஒக்ரோபரில் ஜேர்மனியில் வகுப்புத் தொடங்குவதாக வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். ஓகஸ்டில் விசா கையில் வேண்டும். தூதரக அப்பொயின்ற்மென்ற் கிடைப்பதற்கே மாதங்கள் போகும். பல முதுமாணிகளின் முடிவுத் திகதி மார்ச்சுக்கும் ஜூலை 15 க்கும் இடையில். அதற்கு முன்னால் ஐஈஎல்டிஎஸ், அதற்கு முன்னால் பாஸ்போட், அதற்கு முன்னால் பிறப்பத்தாட்சி. ஆக, முந்தின வருடம் ஓகஸ்டிலேயே பிரதேச செயலகப் படி ஏற வேண்டும். நல்லூர்த் திருவிழா முடியட்டும், மாவீரர் மாதம் போகட்டும், பொங்கல் வரட்டும் என்று நாங்கள் தள்ளுகிற ஒவ்வொன்றும் ஒரு செமஸ்டர்.

ஏ.எல் எழுதியவர்களுக்குப் பரீட்சைக்கும் வெட்டுப்புள்ளிக்கும் இடையில் நீண்ட வெற்றுக் காலம் ஒன்று கிடைக்கிறது. பேப்பர் வேலை முழுவதையும் அதற்குள் முடிக்கலாம்.

ஏஜென்சி

எல்லோரும் கள்ளர் இல்லை. பல ஏஜென்சிகள் பல்கலைக்கழகத்திடம் கொமிஷன் எடுக்கின்றன, ஆகவே கொமிஷன் தருகிற பல்கலைக்கழகத்தைத்தான் உங்களுக்குக் காட்டும். கட்டணம் எடுக்காத ஜேர்மன் பல்கலைக்கழகம் அவர்களின் சுவரொட்டியில் ஏன் இல்லை என்பது இப்போது விளங்கும். நான் போன இடத்தில் என் பெயரில் அவர்களே ஒரு மின்னஞ்சல் திறந்து, பாஸ்வேர்டைத் தங்களிடமே வைத்திருந்தார்கள். மேலதிக ஆவணம் கேட்டுப் பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதம் திகதி முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. ஏஜென்சிக்குப் போவதென்றாலும் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் உங்களுடையதாக இருக்கட்டும். கட்டணத்தைப் பல்கலைக்கழகக் கணக்குக்கு நேரே கட்டுங்கள். மூலப்பிரதியை யார் கேட்டாலும் விட்டுவிட்டு வராதீர்கள். வங்கிக் கணக்கு "செய்து தருகிறோம்" என்று சொன்னால் கதிரையை விட்டு எழும்புங்கள். போலி ஆவணம் பிடிபட்டால் அந்த நாட்டு வாசல் வருடக்கணக்கில் மூடிவிடும்.

விசா, பயணம்

நேர்முகத்துக்குக் கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய் இறங்கி, கண் சிவக்க நேரே உள்ளே போகாதீர்கள். முதல் நாளே போய் யாராவது வீட்டில் தங்குங்கள். கேட்பது சாதாரணக் கேள்விகள்தான். ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தப் பல்கலைக்கழகம், செலவு யார், முடிந்த பிறகு என்ன. கோப்பில் எழுதியதையும் வாயால் சொல்வதையும் அவர்கள் பொருத்திப் பார்க்கிறார்கள். பாடமாக்கிய பதிலை விட, இரண்டு வசனத்தில் சொந்தமாகச் சொல்கிற பதில் நிற்கும்.

மூலப்பிரதிகள் கைப்பையில், ஸ்கான் செய்தவை மின்னஞ்சலில், ஒரு தொகுதிப் பிரதி அம்மாவிடம்.

போய் இறங்கியதும் செய்ய ஒன்று. ஜேர்மனியில் தபால்காரர் வீட்டு இலக்கத்தை மட்டும் பார்த்துக் கடிதம் போடமாட்டார், பெட்டியில் ஒட்டியிருக்கிற குடும்பப்பெயரைப் பார்ப்பார். நான் என் பெயரைத்தான் வடிவாக எழுதி ஒட்டியிருந்தேன். வங்கி அட்டையின் இரகசிய இலக்கம் தபாலில் வந்து, அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்று இரண்டு தரம் திரும்பிப் போய்விட்டது. அவர்களுடைய புத்தகத்தில் நான் அப்பாவின் பெயரால்தான் இருந்தேன். அறைத் திறப்பு கிடைத்த அன்றைக்கே, பாஸ்போட்டில் இருக்கிற அதே எழுத்துக்கூட்டலில், அப்பாவின் பெயரைத் தபால்பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.